சுங்கான் செதுக்க மரம்: பிரையருக்குப் பதில் எதை வாங்கலாம்?

கேள்வி: பொழுதுபோக்காகச் சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) செதுக்குகிறேன். வழக்கமாகச் சுங்கானுக்குப் பயன்படும் பிரையர் கட்டையின் விலை கட்டுப்படியாகவில்லை. இணையக் கடைகளில் ஆலிவ், மோர்ட்டா, ஸ்ட்ராபெரி மரம், கருங்காலி, கத்திப்பிடிக்கான வண்ணக் கட்டை எல்லாம் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: கத்திப்பிடிக் கட்டையை முதலில் ஒதுக்குங்கள். 'ஸ்டெபிலைஸ்டு' என்று போட்டிருந்தால் மரத்துக்குள் பிசின் ஏற்றியிருக்கிறார்கள். பிடிக்கு அருமையான சரக்கு. ஆனால் கங்கு கனலும் கிண்ணத்தில் அந்தப் பிசினும் சூடேறிப் புகையோடு வாய்க்கு வரும்.

கருங்காலி சூட்டில் வெடிக்கும். அந்தப் பெயரில் சாயக்கட்டையும் தாராளமாக ஓடுகிறது. ஈட்டி, அதன் இனத்தைச் சேர்ந்த மத்திய அமெரிக்க மரமான கொகொபோலோ இரண்டும் எண்ணெய்ப் பசை உள்ளவை. தூள் பட்டால் பலருக்குத் தோல் தடிக்கும். இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கட்டை வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். அழகுக்கு ஆசைப்பட்டால் தண்டு முனையில் ஒரு வளையமாக வையுங்கள், நெருப்பு அங்கே வராது. நஞ்சுள்ள அரளி, எட்டி, தில்லை வளையத்துக்குக்கூட வேண்டாம்.

பிரையர் என்பது மத்தியதரைக்கடல் கரையில் வளரும் எரிகா ஆர்போரியா செடியின் வேர்முண்டு. மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாற்றையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளையும் இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துகிறார்கள். விலையில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான். மாற்று மரம் வாங்கும்போதும் "எப்போது வெட்டியது, எப்படி உலர்த்தியது?" என்றுதான் விற்பவரைக் கேட்க வேண்டும்.

பழகுகிறவருக்கு ஆலிவ் போதும். உளிக்கு இணங்கும், புகையின் ருசியைக் கெடுக்காது. பிரையரைவிடச் சீக்கிரம் கருகும் என்பதால், பிரையரில் 6 மி.மீ. விடும் கிண்ணச் சுவருக்கு இதில் 8 மி.மீ. விடுங்கள். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து, இழை தண்டின் நீளத்துக்கு ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் தண்டு பொருத்துமிடத்தில் ஒடிந்துவிடும்.

மோர்ட்டா, சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கறுத்த ஓக். டானினும் மண்ணின் இரும்பும் சேர்ந்து வந்த கறுப்பு அது. சூடு தாங்கும், ஆனால் உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். தூளுக்கு முகமூடி கட்டாயம். போலியைக் கண்டுபிடிக்க ஒரு மூலையை 3 மி.மீ. ஆழம் சீவிப் பாருங்கள். கறுப்பு உள்ளேயும் அப்படியே இருக்க வேண்டும். ஸ்பிரிட் தொட்ட துணியில் மை இறங்கினால் அது சாயம்.

ஸ்ட்ராபெரி மரம் பிரையரின் குடும்பம்தான். உலரும்போது வெடிப்பதில் பெயர் போனது. முழுதாக உலர்ந்த கட்டை கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

அளவு 45 × 60 × 100 மி.மீ. இருந்தால் சாதாரண வடிவம் ஒன்று தாராளமாக வரும். மரம் எதுவானாலும் புகையிலையின் கேடு குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: 'நன்கு உலர்ந்தது' என்று போட்டிருந்த ஆலிவ் கட்டை, உடம்பெல்லாம் மெழுகு பூசி வந்திருக்கிறது. ஏமாற்றா?

பதில்: மெழுகு பூசுவது மோசடி அல்ல. ஈரக்கட்டை வேகமாக உலர்ந்து வெடிக்காமலிருக்கப் பூசுவார்கள். உலர்ந்த கட்டைக்கு அது தேவையில்லை என்பதால் உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

நிறுத்துப் பாருங்கள். பக்கவாட்டு மெழுகைச் சுரண்டி, இரு முனைகளில் மட்டும் விட்டுவிட்டு, 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் எடை பார்த்துக் கட்டையிலேயே தேதியோடு எழுதுங்கள். மின்விசிறிக் காற்றும் வெயிலும் படாத இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை நிறுங்கள். மழைக்காலத்தில் ஓரிரு கிராம் ஏறி இறங்குவது சகஜம். வாரந்தோறும் குறைந்துகொண்டே போனால் ஈரக்கட்டைதான். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், விளம்பரப் பக்கத்தின் படத்தோடு தராசுப் படங்களையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். இந்தியாவில் வாங்கியிருந்து விற்பவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கட்டையை வைத்துக்கொள்வதாக இருந்தால் மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாத பிறகே துளையிடுங்கள். ஈரத்தோடு துளைத்தால் வாய்ப்பகுதி பொருந்தும் துளை நீள்வட்டமாகி, புகை அந்த இடுக்கில் கசியும்.