பைபோலார் இருந்தால் சர்க்கரையும் வருமா?

“பைபோலார் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் என்கிறார்களே, மாத்திரைதான் காரணமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பைபோலாருக்கு, அதாவது மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மாத்திரையும் காரணம், ஆனால் பழி முழுவதும் அதன் மேல் இல்லை. நமக்கு டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழுவதே கிடையாது, தூக்கம் தாறுமாறு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் ஏறிக் கிடக்கும். இவை எல்லாமே இன்சுலினுக்கு எதிரிகள்.

மாத்திரைகளில், சர்க்கரையை வரவழைப்பதில் ஓலான்சபின், குளோசபின் இரண்டும்தான் முதல் வரிசை. குவெடியாபின் நடுவில். அரிபிபிரசோல் பரவாயில்லை ரகம். ஓலான்சபின் பசி என்பது சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்து என்ன இருக்கிறது என்று மனம் தேடும். வீட்டில் “வாயைக் கட்ட வேண்டியதுதானே” என்பார்கள். கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்!

மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மாத்திரையின் கதை வேறு. தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் படுப்பதில்லை. ராத்திரியில் தாகம், அப்புறம் பாத்ரூம், மறுபடி தாகம். சர்க்கரைதான் வந்துவிட்டது என்று பயந்து பரிசோதித்தால் அளவு சரியாக இருந்தது. தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் ஹார்மோனுக்குச் சிறுநீரகம் செவிசாய்க்காமல் போவதால் வரும் தாகம் அது. ஆனால் நீங்களாக அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள், ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கி மூன்று மாதம் ஆனதும் ஒரு முறை, பிறகு வருடந்தோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியோ பாருங்கள். எச்பிஏ1சி 5.7 தொட்டால் எச்சரிக்கை, 6.5 என்றால் சர்க்கரை நோய். ஏறுகிறது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தினால் மேனியா என்னும் அந்த உச்சநிலை திரும்பி வந்து நிற்கும். மருந்தை மாற்றலாம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சேர்க்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை வந்துவிட்டால், அதற்குப் பார்க்கும் மருத்துவரிடம் லித்தியம் எடுப்பதை மறைக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அடிக்கடி எழுதித் தரும் சில பிரஷர் மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் அதைக் குறைத்துவிடலாம். புதிதாக எதைத் தொடங்கினாலும் லித்தியம் அளவையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.