பல்செட் அணிபவர்களின் வாயில் ஈஸ்ட் ஏன் அதிகமாக இருக்கிறது?

வாயில் வாழும் ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பூஞ்சை. நலமாக இருக்கும் பலரின் வாயிலும் அது, பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் இனமாக, தொல்லை தராமல் இருக்கிறது. பல்செட் அணிபவர்களிடம் அதன் எண்ணிக்கை கூடுவதோடு, கேண்டிடா கிளாப்ரேட்டா போன்ற பிற இனங்களும் சேர்ந்துகொள்கின்றன. பல்செட்டில் மேலண்ணத்தை ஒட்டியிருக்கும் அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) தகட்டின் உட்புற நுண்துளைகளில் ஈஸ்ட் பற்றிக்கொள்கிறது; அதைக் கழுவிச் செல்ல வேண்டிய உமிழ்நீரோ அந்த இடுக்குக்குள் போதிய அளவு நுழைவதில்லை. ஓடும் நீரில் நிற்காத பாசி, தேங்கிய நீரில் கல்லின்மேல் வழுவழுப்பாகப் படிவதைப் போன்றது இது. இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்களுக்குத் தகடு படும் இடம் மட்டும் அச்சு எடுத்தாற்போல் சிவந்துபோகலாம். பெரும்பாலும் வலி இல்லாததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் கவலைக்குரியது. மறுபுறம், வேறு சிலர் பரிசோதனையில் ஈஸ்ட் தென்பட்டாலே நோய் என்று அஞ்சுகிறார்கள். ஆனால் சிவப்பு, எரிச்சல், வெண்படலம் போன்ற அறிகுறிகள் இல்லாதவரை அதற்குப் பொதுவாக மருந்து தேவைப்படுவதில்லை.