படிவம் வந்து சேர்ந்ததா? பிஎச்பியில் எதைச் சோதிப்பது

கேள்வி: உறுப்பினர் பதிவுக்கான படிவத்தை பிஎச்பியில் எழுதியிருக்கிறேன். அனுப்பும் பட்டனின் பெயர் போஸ்ட் அணியில் (படிவத்திலிருந்து வந்த மதிப்புகளை பிஎச்பி வைக்கும் இடம்) இருக்கிறதா என்று 'இஸ்செட்' கொண்டு பார்த்து, இருந்தால் டேட்டாபேஸில் சேர்க்கிறேன். இருமுறை அழுத்துவதைத் தடுக்க, படிவத்தின் 'சப்மிட்' நிகழ்வில் பட்டனை முடக்கும் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்தேன். அன்றிலிருந்து எதுவும் பதிவாவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?

பதில்: முடக்கப்பட்ட எதையும் பிரவுசர் அனுப்பாது. முதலில் சப்மிட் நிகழ்வு ஓடும். அதன் பிறகே அனுப்பவேண்டிய மதிப்புகளை பிரவுசர் திரட்டும். அதற்குள் உங்கள் பட்டன் முடங்கிவிடுகிறது. பெயரும் முகவரியும் சர்வருக்கு ஒழுங்காக வந்து சேர்கின்றன. உங்கள் நிரலோ வராத பட்டனைத் தேடிவிட்டு, படிவமே வரவில்லை என்று முடிவுகட்டுகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் 'சப்மிட்' செயற்கூற்றை நேரடியாக அழைத்தாலும் பட்டனின் பெயர் போகாது. நாளை வடிவமைப்பாளர் ஒருவர் பட்டனின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான். பல பாடநூல்கள் இந்த வழியைக் கற்றுத்தருவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம்.

கோரிக்கை எந்த முறையில் வந்தது என்று பாருங்கள். கோரிக்கை பற்றிய விவரங்கள் இருக்கும் சர்வர் அணியில் 'ரெக்வஸ்ட் மெத்தட்' என்ற மதிப்பு 'போஸ்ட்' என்றிருந்தால் படிவம் வந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு படிவங்கள் இருந்தால், எது வந்தது என்று அறிய ஒவ்வொன்றிலும் மறைபுலம் (பயனர் கண்ணில் படாத உள்ளீடு) ஒன்றை வையுங்கள்.

போஸ்ட் அணி காலியா என்று மட்டும் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. டிக் செய்யாத செக்பாக்ஸ் அனுப்பப்படுவதே இல்லை. செக்பாக்ஸ் மட்டுமே உள்ள படிவத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் அணி காலியாகவே இருக்கும். இன்னொன்று, கண்டுபிடிக்கச் சிரமமானது: புகைப்படம் இணைக்கும் படிவத்தில் மொத்த அளவு 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' வரம்பைத் தாண்டினால் (இயல்பாக 8 எம்பி) போஸ்ட் அணி, ஃபைல்ஸ் அணி இரண்டையுமே பிஎச்பி காலியாக விட்டுவிடும். முறை போஸ்ட், உள்ளடக்க நீளம் பூஜ்ஜியத்துக்கு மேல், அணிகள் இரண்டும் காலி என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். 'கோப்பு மிகப் பெரியது' என்று பயனரிடம் சொல்லிவிடலாம். ஜேசன் வடிவில் வரும் தரவும் போஸ்ட் அணியில் சேராது என்பதால், ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாக அப்படி அனுப்புகிறவர்கள் இங்கே குழம்பவேண்டாம்.

படிவம் வந்தது என்பதாலேயே அது நிரப்பப்பட்டது என்றாகாது. காலியாக விட்ட உரைப்பெட்டி வெற்றுச் சரமாக வரும். இஸ்செட் அதற்கும் 'ஆம்' என்றே சொல்லும். காலியா என்று பார்க்கும் 'எம்ப்டி'யை நம்பினால் 0 என்று உள்ளிட்டவரையும் காலி என்று ஒதுக்கிவிடும். இடைவெளிகளை நீக்கி, வெற்றுச் சரத்தோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

பட்டனை முடக்குவது இருக்கட்டும். ஆனால் பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் மீண்டும் போவதை அது தடுக்காது. பதிவு முடிந்ததும் 303 குறியீட்டுடன் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரட்டை அழுத்தத்துக்கு, செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைக்கும் தரவு) ஒருமுறை மட்டுமே செல்லும் டோக்கனை, அதாவது ஒரு ரகசியச் சரத்தை, வைத்துச் சரிபாருங்கள்.