முதலில் முக்காலி வாங்குங்கள்

கேள்வி: தெற்கு அரிசோனாவில் கூஸ் மான் (சிறிய வகை வெள்ளைவால் மான்) வேட்டைக்கு எனக்கும் அலுவலக நண்பருக்கும் குலுக்கலில் அனுமதி விழுந்திருக்கிறது. நவம்பரில் போகிறோம். பைனாகுலர் விஷயத்தில்தான் குழப்பம். 20×50 மலிவாகக் கிடைக்கிறது. நண்பரோ 10×42 போதும் என்கிறார். எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு நல்லதுதானே?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நண்பர் பேச்சைக் கேளுங்கள். (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்.) டூசானுக்குக் குடிவந்த புதிதில் நானும் ஒரு 20×50 வாங்கியவன்தான். பக்கத்து வீட்டுக்காரர் சான்டா ரீட்டா மலைக்குக் கூட்டிப் போனார். அவர் சுடுவார், நான் தேடித் தருவேன். இன்றுவரை அதே ஏற்பாடுதான். அன்று கண்ணில் வைத்ததும் மலையே ஆடியது. உருவம் 20 மடங்கு பெரிதானால் கை நடுக்கமும் 20 மடங்கு! ஒரு பாறையை மான் என்று நம்பி முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடைய பழைய 10×42-ஐ முக்காலியில் (ட்ரைபாட்) மாட்டி, அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். "காது ஆடுது பார்" என்றார், நான் பார்க்காத பக்கத்தைக் காட்டி.

இன்னொரு கோளாறு வெளிச்சம். முன் லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 20×50-இல் 2.5 மில்லிமீட்டர், 10×42-இல் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது. அரை இருட்டில் நம் கண்மணி 5 மில்லிமீட்டர் போல விரியும், 2.5 கொடுத்தால் படம் மங்கத்தான் செய்யும். மான் மேய வருவதோ அந்த அரை இருட்டில்தான்.

கூஸ் மானைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நன்கு வளர்ந்த கிடாவே 45 கிலோ இருந்தால் பெரிது. காய்ந்த புல்லும் பாறையும் என்ன நிறமோ அதே நிறம். 'சாம்பல் பேய்' என்பார்கள். (எலியட் கூஸ் என்ற ராணுவ மருத்துவர், பறவை ஆய்வாளர் பெயரால் வந்த மான் இது. அவர் வீட்டில் 'கௌஸ்' என்றுதான் உச்சரிப்பார்களாம். மலையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.) முழு மானைத் தேடினால் கிடைக்காது. சூரியனை முதுகுக்கு விட்டு உட்கார்ந்து, எதிர்ச்சரிவைத் துண்டு துண்டாகப் பாருங்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு கோடு, ஒரு காது, வாலின் வெள்ளை... அவ்வளவுதான் தெரியும். அதற்கு பைனாகுலர் அசையக் கூடாது. அதனால்தான் முதல் செலவு முக்காலி என்கிறேன். உட்கார்ந்தபடி பார்க்கும் உயரத்துக்கு இறங்க வேண்டும், தலைப்பகுதி வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் 15×56 வைத்திருப்பார்கள். அருமையான சாமான், ஆனால் முக்காலி இல்லாமல் உதவாது. வருடா வருடம் போவதாக இருந்தால் அப்புறம் வாங்கலாம். ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கொம்பின் கிளைகளை எண்ணத்தான். மதியம் கானல் கிளம்பிவிட்டால் 40 மடங்குக்கு மேல் எல்லாம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி தெரியும்.

ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், லைக்காவின் உயர்ரக மாடல்கள் என்றால் 2,000 டாலருக்கு மேல் போகும். முதல் வேட்டைக்கு அது வேண்டாம். வோர்டெக்ஸ், மேவன் போன்றவற்றில் 1,000 டாலர் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை தாராளமாகப் போதும். கடைக்குள் எல்லாமே பளிச்சென்றிருக்கும், ஏமாறாதீர்கள். சாயங்காலம் போய், கேட்டு வாங்கி வெளியே எடுத்துவந்து, எதிர்க் கட்டடத்தின் நிழலில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். மின்கம்பியை வானத்தோடு பாருங்கள். ஓரத்தில் ஊதா நிறம் கசிந்தால் வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் தலை வலித்தால் இரண்டு குழல்களும் ஒரே பக்கம் பார்க்காமல் இருக்கலாம். மூக்குக்கண்ணாடி போடுபவரா? போட்டுக்கொண்டே பாருங்கள், படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

கேள்வி: தனியாக பைனாகுலர் எதற்கு? துப்பாக்கிமேல் பொருத்தியிருக்கும் ரைபிள் ஸ்கோப்பிலேயே தேடினால் என்ன?
– அதே வாசகரின் நண்பர்

பதில்: கூடவே கூடாது. ஒருமுறை எதிர் மலையை அலசிக்கொண்டிருந்தபோது என் பைனாகுலரில் ஒருவர் தெரிந்தார். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ரைபிள் ஸ்கோப் வழியாக.