வானம் சொல்லும் சாட்சி

கேள்வி: மெரினாவில் கடலிலிருந்து சூரியன் எழுவதைக் காணும்போது என் கைகள் தாமாகவே குவிகின்றன. எபிரேய வேதம் இயற்கையையே கடவுள் என்கிறதா, அல்லது கடவுளுக்குச் சாட்சி என்கிறதா?
- வாசகி, சாந்தோம், சென்னை

பதில்: சாட்சி என்றே சொல்கிறது. எபிரேய வேதத்தின், அதாவது பழைய ஏற்பாட்டின், முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சூரியன், சந்திரன் என்ற பெயர்களைத் தவிர்த்து, ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’ என்று மட்டும் குறிப்பிடுகிறது. இஸ்ரவேலரின் அண்டை நாட்டார் அவற்றைத் தெய்வங்களாக வணங்கியதே இதற்குக் காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நீங்கள் காணும் அதே சூரியனை, அந்த வேதத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 19ஆம் சங்கீதம், மணவறையிலிருந்து புறப்படும் மணமகனுக்கு ஒப்பிடுகிறது. வானங்கள் இறைவனின் மகிமையை அறிவிக்கின்றன என்று பாடும் அந்தச் சங்கீதம், பிற்பகுதியில் அவருடைய வேதத்தின் பக்கம் திரும்புகிறது; எனவே இயற்கை மட்டும் போதும் என்று அது கருதவில்லை.

என்னை மிகவும் அசைப்பது யோபுவின் நூல்தான். தன் துயரத்துக்கு விளக்கம் கேட்ட யோபுவிடம், சுழல்காற்றிலிருந்து பேசும் இறைவன், வரையாடுகள் ஈனும் காலத்தை அறிவாயா என்றும், மனிதரே இல்லாத வனாந்தரத்தில் மழையைப் பெய்யச் செய்பவர் யார் என்றும் கேட்கிறார். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைக் கொண்டே மழையை அளந்து பழகிய சென்னைவாசிகளான நமக்கு, எவருக்கும் பயன்படாத நிலத்திலும் மழையைப் பொழியும் இந்த இறைவன் பெரும் வியப்பு. 104ஆம் சங்கீதத்திலோ, மாபெரும் கடல் உயிரான லிவியாதான்கூட, கடலில் விளையாடுவதற்கென்றே அவரால் படைக்கப்பட்டிருக்கிறது.