‘வழக்கு மூடப்பட்டது’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவடிக்காகக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் வீட்டை உடைத்து அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியையும் ஒரு கைபேசியையும் கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் காஸ் எண் (வழக்குப் பதிவு எண்) தந்தார்கள். ஒருவர் வந்து கைரேகைக்காக ஜன்னலில் பொடி தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு வாரம் கழித்து, ஆள் தெரியவில்லை, வழக்கு மூடப்பட்டது என்று குறுஞ்செய்தி. உண்மையிலேயே விசாரித்தார்களா?

ம., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள ம.,

அதை டாக்கெட், அதாவது போலீஸின் வழக்குக் கோப்புதான் சொல்லும். தென்னாப்பிரிக்க டாக்கெட்டில் மூன்று பகுதி. ‘ஏ’யில் வாக்குமூலங்கள், நிபுணர் அறிக்கைகள், ‘பி’யில் கடிதப் போக்குவரத்து, ‘சி’யில் விசாரணை நாட்குறிப்பு. எதை என்றைக்குச் செய்தார்கள், மேலதிகாரி என்ன செய்யச் சொன்னார் என்பதெல்லாம் ‘சி’யில் இருக்கும். அதை உங்களிடம் காட்டமாட்டார்கள், ஆனால் நிலவரம் கேட்கலாம். “என்ன ஆச்சு?” என்று கேட்டால் “பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்றுதான் பதில் வரும். ரேகை கிடைத்ததா, வீட்டாருடைய ரேகைகளை எடுத்து ஒப்பிட்டுக் கழித்தார்களா, கைபேசிக்கு 205 (தொலைபேசி நிறுவனத்திடம் தகவல் கேட்கும் அழைப்பாணை) போட்டார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பொடி தடவினால் ரேகை கிடைத்துவிடும் என்பதில்லை. விரல் வழுக்கியிருந்தால் இழுவைதான் தெரியும். சொரசொரப்பான சுவரில் ஒன்றும் நிற்காது. பனி ஈரத்தில் பொடி சேறாகிவிடும். இரண்டு ரேகைகளும் ஏழு புள்ளிகளில் ஒத்துப்போனால் இங்குள்ள நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஏழும் கிடைத்தாலும் கண்ணாடியின் வெளிப்பக்கத்து ரேகை என்றால் “புல் வெட்ட வந்தேன்” என்று சொல்லித் தப்பிக்கலாம். உட்பக்கம் என்றால் அது எடுபடாது. ஆகவே ரேகையை ஒற்றியெடுத்ததும் எந்தக் கண்ணாடி, எந்தப் பக்கம் என்று அங்கேயே குறித்திருக்க வேண்டும். வெறுமனே ‘ஜன்னல்’ என்றிருந்தால் பாதி வழக்கு போயிற்று.

உங்கள் வழக்கில் எனக்கு நம்பிக்கை கைபேசிமேல்தான். கைபேசி வந்த பெட்டியில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண் இருக்கும். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 205ஆம் பிரிவின்படி அழைப்பாணை வாங்கினால், அந்தக் கருவியில் பிறகு எந்த சிம் ஓடியது என்பதைத் தொலைபேசி நிறுவனம் தர வேண்டும். சிம்காரர் திருடனாக இருக்க வேண்டியதில்லை, சும்மா வாங்கியவராகவும் இருக்கலாம். ஆனால் தக்க காரணமில்லாமல் திருட்டுப்பொருளை வாங்குவதே 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் விற்றவன் பெயர் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

சங்கிலி விஷயத்தில் முதல் வாக்குமூலமே பலவீனமாக இருக்கலாம். பழைய பொருள் வாங்குகிறவர்களும் அடகுக்காரர்களும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேடு வைக்க வேண்டும், போலீஸ் அதைப் பார்க்கலாம். ‘ஒரு தங்கச் சங்கிலி’ என்று எழுதிக்கொடுத்திருந்தால் எதோடு ஒப்பிடுவார்கள்? எத்தனை கிராம், கொக்கி எப்படி, பற்றவைத்த இடம் எது என்று சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் அம்மா அதைப் போட்டிருக்கும் படம் நிச்சயம் இருக்கும். படத்தையும் கைபேசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய், அதே காஸ் எண்ணில் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். ஆள் தெரியாமல் மூடிய டாக்கெட்டைப் புதுத் தகவல் வந்தால் மறுபடி திறக்கலாம்.