‘நெகட்டிவ்’ என்று எழுதியிருந்தால் கிருமி இல்லையா?

கேள்வி: என் மாமியாரின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கிராம் நெகட்டிவ் பேசில்லை, ஈ.கோலை’ என்று இருந்தது. நெகட்டிவ்தானே என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டர் சத்தம் போட்டார். கிருமி இருந்தால் பாசிட்டிவ் என்றுதானே எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டர் சத்தம் போட்டதில் தப்பில்லை, நீங்கள் குழம்பியதிலும் தப்பில்லை. முப்பத்தொரு வருடம் லேபில் ஸ்லைடு பார்த்தவன் நான். இதே கேள்வியை ரிப்போர்ட் வாங்க வந்த எத்தனையோ பேர் கவுன்ட்டரில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஈ.கோலை என்பதே கிருமியின் பெயர்தான், பேசில்லை என்றால் கோல் வடிவக் கிருமிகள். அந்த ‘நெகட்டிவ்’ கிருமியின் சுவரைப் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் பெர்லினில் வேலை பார்த்தபோது, 1884-இல் வெளியிட்ட சாயமேற்றும் முறை இது. இன்று நாங்கள் ஸ்லைடில் முதலில் ஊதாச் சாயம் விடுவோம், அப்புறம் அயோடின், அப்புறம் சில நொடி அசிட்டோன், கடைசியில் சிவப்புச் சாஃப்ரனின். சுவர் கனமாக இருந்தால் ஊதா உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அது பாசிட்டிவ். மெல்லிசாக இருந்தால் ஊதா கழுவிக்கொண்டு போய்ச் சிவப்பு ஏறும், அது நெகட்டிவ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அசிட்டோனைத் தாராளமாக விட்டுவிட்டேன். கொத்துக் கொத்தாக ஊதாவில் தெரிய வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாசிட்டிவ் கிருமி ரோஸ் கலரில் நின்றது. சீனியர் லென்ஸில் குனிந்து பார்த்துவிட்டு, “காப்பி டம்ளரா கழுவுறே?” என்றார்.

சரி, சுவருக்கு வருவோம். இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகளை மாறி மாறிக் கோத்த சரங்கள். ஒன்றுவிட்டு ஒரு மணியில் ஐந்து அமினோ அமிலம் கொண்ட வால் தொங்கும். அந்த வாலைப் பக்கத்துச் சரத்தின் வாலோடு முடிந்தால் கயிற்றுக் கட்டில் மாதிரி நெடுக்கும் குறுக்குமாக வலை தயார். இதற்குப் பெயர் பெப்டிடோகிளைக்கன். ஸ்டெஃபைலோகாக்கஸில் இரண்டு வால்களுக்கும் நடுவே கிளைசின் என்ற அமினோ அமிலம் ஐந்து சேர்ந்த பாலம் உண்டு. ஈ.கோலையில் வாலோடு வால் நேரடியாகவே இணையும். கிருமிக்குள் அழுத்தம் அதிகம். சைக்கிள் டியூபை டயர் காப்பது போல இந்த வலைதான் அது வெடிக்காமல் காக்கிறது.

வாலின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு. நம் புரதங்களில் இருப்பது எல் வகை. இரண்டும் வலது, இடது செருப்பு மாதிரி. பெனிசிலின் அந்த நுனியைப் போலவே வேடம் போட்டு, முடிச்சுப் போடும் நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். வளர வளர வலையில் ஓட்டை விழும், கிருமி வெடிக்கும். நம் செல்களில் இந்தச் சுவரே கிடையாது.

அப்படியானால் மெல்லிசான சுவர் உள்ள ஈ.கோலை முதலில் சாக வேண்டுமே என்பீர்கள். அதன் வலை சில நானோமீட்டர்தான். பாசிட்டிவ் கிருமிகளில் 20 முதல் 80 வரை போகும். ஆனால் ஈ.கோலை அந்த வலைக்கு வெளியே கொழுப்புச் சவ்வு ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. மருந்து அதிலுள்ள சின்னத் துளைகள் வழியாக நுழைய வேண்டும். பழைய ஊசி மருந்தான பெனிசிலின் ஜி அதில் சரியாக நுழையாது. நுழைந்த மருந்தையும் உடைக்கும் நொதி இன்று பல ஈ.கோலைகளிடம் இருக்கிறது. ரிப்போர்ட்டின் கீழே மருந்துப் பட்டியலும் எதிரே ‘எஸ்’, ‘ஆர்’ எழுத்துகளும் இருந்திருக்குமே? எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. நிறுத்திய மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரையே கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, டிபி கிருமியைத் தேடும் சளிப் பரிசோதனையில் ‘ஏஎஃப்பி நெகட்டிவ்’ என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். டிபி கிருமியின் சுவரில் மெழுகு மாதிரி மைக்கோலிக் அமிலம் இருப்பதால் கிராம் சாயம் அதில் சரியாக ஏறாது. வேறு சிவப்புச் சாயத்தை ஆவி பறக்கச் சூடாக்கி ஏற்றுவோம். ஏறினால் அமிலம் விட்டாலும் போகாது. அந்த ரிப்போர்ட்டில் மட்டும், நெகட்டிவ் என்றால் ஸ்லைடில் கிருமி தென்படவில்லை என்றே அர்த்தம்.